கேட்டுக் கொடுப்போம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பணி நிறைவு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



ஆண்டு விழா என்றால் கடன், வசூல், சுழல் நிதி, வங்கி இணைப்பு என்றுதான் பேச்சு போகும். அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். தலைவி என்னிடம், "அக்கா, பிள்ளைங்க விஷயமா ஏதாவது பேசுங்க, கேட்டுட்டுப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று மட்டும்தான் கேட்டார். நான் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பேச வந்திருக்கிறேன். ஒன்று, சில பிள்ளைகளுக்குச் சில சாப்பாடு ஆகாது என்பது. இன்னொன்று, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிற பொது இடத்தில் பெரியவர்கள் நாம் எப்படிப் பழகுகிறோம் என்பது. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் புரிந்துவிடும்.

திடல் எல்லாருக்கும் பொது

நாம சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஊஞ்சல் என்றால் புளியமரத்தில் கட்டிய கயிறு. சறுக்கு என்றால் ஏரிக்கரை. எந்தத் தெருப் பிள்ளை எங்கே விளையாடலாம், எங்கே போகக்கூடாது என்று ஒரு கணக்கும் அப்போது இருந்தது. இங்கே வயசானவங்க இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு ஊராட்சிப் பூங்கா இருக்கிறது. அங்கன்வாடி வாசலில் சறுக்குமரம் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. சாயங்காலம் போய்ப் பாருங்கள், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே சறுக்கில் இறங்குகிறார்கள். இது லேசாக வந்தது இல்லை. இதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

அந்தத் திடலில் பிள்ளைகள் விளையாட, நாம் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். ஒருத்தி மடியில் வறுத்த மல்லாட்டை இருக்கும். ஒருத்தி டப்பாவில் முறுக்கு கொண்டுவந்திருப்பாள். இன்னொருத்தி கையில் பிஸ்கட் பாக்கெட். ஒரு பிள்ளைக்குப் பிரித்தால் நாலு பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும். தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிட்டு மற்ற பிள்ளையைப் பார்க்கவிட நமக்கு மனசு வராது. "பாக்கற புள்ள ஏங்கிப்போயிடும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது நல்ல குணம். இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கொடுக்கிற கைக்கு முன்னால் ஒரு வார்த்தை வரவேண்டும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நம் உடம்புக்குள்ளே கிருமியை எதிர்க்க ஒரு காவல் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல் ஆளை மாற்றிப் புரிந்துகொள்கிறது. நல்ல சாப்பாட்டில் இருக்கிற புரதத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு எழுந்துவிடுகிறது. அந்தச் சண்டைதான் ஒவ்வாமை. அலர்ஜி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு, எள், இவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். வேறு உணவாலும் வரலாம்.

உங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, "அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்று சொல்வோம் இல்லையா? "வேலை கெடுதும்மா" என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள். ஏன் உட்காரச் சொல்கிறோம்? லட்சத்தில் ஒரு குழந்தைக்குக்கூட வராத கடுமையான ஒவ்வாமை, வந்தால் அந்த அரை மணிக்குள்தான் பெரும்பாலும் வரும். அதற்காகவே அட்ரினலின் என்கிற மருந்தைப் பக்கத்தில் தயாராக வைத்திருப்போம். சாப்பாட்டால் வருகிற கடுமையான ஒவ்வாமையும் அதே ஜாதிதான். சாப்பிட்ட சில நிமிஷத்தில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஊசிக்கு நாங்கள் காவல் இருக்கிறோம். சறுக்குமரத்தடியில் யார் காவல்? அங்கே இருக்கிற நாம்தான்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புசம், பேதி என்று சிலருக்கு வரும். அது செரிக்காமல் வருவது, தொந்தரவுதான், உயிருக்கு ஆபத்து இல்லை. வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்கும், தயிர் குளிர்ச்சி என்று நாம் ஒதுக்குவதும் ஒவ்வாமை இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு நிலைமை வேறு. கொஞ்சூண்டு போதும். "ஒரு வாய்தானே" என்பது அங்கே செல்லாது.

மேலை நாடுகளோடு பார்த்தால் நம் ஊரில் இது குறைவுதான். ஆனால் குறைவாக இருப்பதே ஒரு கஷ்டம். பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கு இருந்தால் எல்லாரும் நம்புவார்கள். ஊருக்கு ஒரு பிள்ளைக்கு இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். "நாங்கல்லாம் மல்லாட்டை தின்னு வளரலையா? இது என்ன புதுசா?" என்பார்கள். அந்தத் தாய் ஒண்டியாக நிற்பாள்.

வீட்டுக்குள்ளேயே அவளுக்குப் பேச்சு விழும். "மாசமா இருக்கும்போது நீ என்னத்தைத் தின்னியோ" என்பார்கள். சகோதரிகளே, இது தாயின் குற்றம் இல்லை. இதை மாமியார்கள் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். இன்னொன்று, "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினா சரியாப்போயிடும்" என்று தாய்க்குத் தெரியாமல் பாட்டி ஒரு வாய் ஊட்டிப் பார்ப்பது. அதைச் செய்யவே கூடாது. பழக்கும் சிகிச்சை என்று ஒன்று உண்டு. அதை இதற்கென்றே படித்த டாக்டர், அளந்து, கூடவே இருந்து கவனித்துச் செய்வார். நம் சமையல்கட்டில் செய்கிற காரியம் இல்லை அது.

நல்ல சேதியும் இருக்கிறது. பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வளர வளர அது விலகிவிடும். வேர்க்கடலை, முந்திரி, இறால் ஒவ்வாமை பெரும்பாலும் தங்கிவிடும். விலகியதா இல்லையா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம கைக்குழந்தைக்கு மல்லாட்டை, முட்டை எதுவும் குடுக்கவே வேணாம்" என்று யாரும் போய்விடாதீர்கள். அது தலைகீழ். லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள் அவர்கள். 2015-இல் முடிவு வெளியானது. வேர்க்கடலையை அறவே தவிர்த்த குழந்தைகளில், ஐந்து வயதில், நூற்றுக்கு 17 பேருக்கு அந்த ஒவ்வாமை இருந்தது. சின்ன வயசிலிருந்தே சாப்பிட்டு வந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். அதனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு கூழோடு கஞ்சியோடு முட்டையும், நன்றாக அரைத்த வேர்க்கடலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தோலில் கடுமையான கரப்பான் இருக்கிற குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலையை ஐந்து வயதுக்குள் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மிட்டாய், இரண்டு தெரு

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நாலு வயதுப் பெண் குழந்தை, வேர்க்கடலை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் திடலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தண்ணி பிடிக்கப் போயிருந்த நேரம். அங்கே உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, தன் பேரனுக்குக் கொடுத்த கடலை மிட்டாயில் பாதியை உடைத்து, பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தை கையிலும் வைத்தார். பாசத்தில் கொடுத்ததுதான்.

பத்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. இருமல், வாந்தி, அப்புறம் மூச்சு இழுப்பு. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி நேரத்தைக் கடத்தாமல் வண்டியில் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். தொடையில் அட்ரினலின் போட்டோம், 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் குழந்தை சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

குழந்தைக்குச் சரியாகிவிட்டது. ஊருக்குத்தான் சரியாகவில்லை. பயத்தில் அந்தத் தாய் ஆயாவைப் பார்த்து, "யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" என்று கத்திவிட்டாள். ஆயாவுக்கு அது தாங்கவில்லை. "நான் என்ன விஷமா குடுத்தேன்?" என்று அழுதார். இருவரும் வேறு வேறு தெரு. ரெண்டு நாளில் பேச்சு எப்படி மாறிவிட்டது தெரியுமா? "எங்க கையால வாங்கினா ஆகாதாமா?" என்று. மருந்து போட வேண்டிய விஷயம் சாதி விஷயமாகிவிட்டது. அந்தத் தாய் குழந்தையைத் திடலுக்குக் கூட்டிவருவதையே நிறுத்தினாள். மற்ற பிள்ளைகள் ஊஞ்சலாடுவதை அந்தக் குழந்தை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மாதம் ஒன்று போன பிறகு குழுக் கூட்டத்தில் இதை எடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒவ்வாமை என்றால் என்ன என்று இப்போது உங்களிடம் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னேன். ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இத மொதல்லயே எங்ககிட்ட யாராவது சொல்லியிருந்தா என்ன?" அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அந்தத் தாய் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் குழந்தை திடலுக்கு வந்தது.

"வேணாம்" என்ற சொல்

நம் ஊரில் கொடுத்ததை வாங்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. நம்மில் எத்தனையோ பேரின் அம்மா, பாட்டி கையால் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத காலம் இருந்தது. இன்றைக்கும் சில இடங்களில் அது முழுசாகப் போய்விடவில்லை. அந்தக் காயம் உள்ளே இருக்கும்போது, ஒரு தாய் "வேணாங்க" என்று பிள்ளையை இழுத்தால், கொடுத்தவள் மனசு எங்கே போகும்? பழைய இடத்துக்குத்தான் போகும். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது.

அதனால் "வேணாம்" என்று சொல்கிறவள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். "அக்கா, இவனுக்கு மல்லாட்டை ஆகாது, மூச்சு இழுத்துக்கும். யார் வீட்டுல குடுத்தாலும் அப்படித்தான். வேற பலகாரம் குடுங்க, சாப்பிடுவான்." இப்படிச் சொன்னால் யாருக்கும் வருத்தம் வராது. கேட்கிறவளும், "அதெல்லாம் சும்மா, பெரிய இடத்துப் பழக்கம்" என்று தள்ளாமல், "அப்படியா, எனக்குத் தெரியாது, நல்லவேளை சொன்னே" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வாமையைச் சாக்கு வைத்து இன்னொரு தெருப் பிள்ளையோடு சேராதே என்று யாராவது தன் பிள்ளையிடம் சொன்னால், அதை நம் குழு ஒத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டில் இருக்கிற கடலைதான் ஆகாது. கொடுக்கிற கை ஆகாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

திடலில் நாம் பழகும் முறை

இனி நேரடியாக வேலைக்கு வருகிறேன். பெரிய சட்டம் ஒன்றும் இல்லை.

முதலாவது, கேட்டுக் கொடுங்கள். அடுத்தவர் பிள்ளைக்கு எது கொடுப்பதாக இருந்தாலும், "இவனுக்கு இது குடுக்கலாமா?" என்று கூட வந்தவரைக் கேளுங்கள். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் அப்போது கொடுக்க வேண்டாம். பிள்ளையைக் கேட்டால் போதாது. மிட்டாயைக் காட்டி "ஆகுமா" என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆகாது என்று சொல்லும்?

இரண்டாவது, ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, சறுக்கில் ஏறிக்கொண்டே தின்ன வேண்டாம். திண்ணையோ மரத்தடியோ ஒன்றைத் தின்பண்டம் சாப்பிடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லாட்டைத் தொட்டியை மண்ணில் ஊதிவிடாமல் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். தவழ்கிற குழந்தை முதலில் எடுத்து வாயில் வைப்பது அதைத்தான்.

மூன்றாவது, சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கையில் ஒட்டிய வேர்க்கடலை சோப்புப் போட்டுக் கழுவியதும் போய்விட்டது. வெறும் தண்ணீரில் கழுவிய சில கைகளில் மிச்சம் இருந்தது. கொரோனா நேரத்தில் நாம் தேய்த்தோமே, அந்த சானிடைசர் மாதிரி மருந்து தேய்த்த கைகளிலும் இருந்தது. அது கிருமியைக் கொல்லும், கடலையை எடுக்காது. திடலுக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு சோப்பு கட்டித் தொங்கவிட எவ்வளவு செலவாகும்? சந்தாவில் அது ஒரு செலவே இல்லை.

நான்காவது, கேலி வேண்டாம். பெரிய பிள்ளைகள், "டேய், இத ஒண்ணு தின்னு காட்டு பாக்கலாம்" என்று சீண்டுவார்கள். இதில் விளையாட்டில்லை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். "அவனுக்கு ஆகாது, ஆனா கபடி நல்லா ஆடுவான்" என்று பிள்ளைகள் சொல்லப் பழகினால் போதும்.

ஐந்தாவது, பிறந்தநாள். திடலில் சாக்லேட் கொடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தால் அதற்காக ஒரு பென்சிலோ ஒரு பழமோ சேர்த்து எடுத்துப் போங்கள். எல்லாரும் வாங்கும்போது அந்தக் கை மட்டும் காலியாக இருக்கக் கூடாது.

பயப்பட வேண்டாத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாரோ மல்லாட்டை தின்கிறார்கள் என்பதாலேயே இந்தப் பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடாது. தோலில் பட்டால் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் தடித்துச் சிவக்கும், கழுவிவிடலாம். ஆபத்து எங்கே என்றால், பட்ட கையைச் சின்னப் பிள்ளை வாயில் வைப்பதில். அதனால் திடலில் யாரும் எதுவும் தின்னக்கூடாது என்று போர்டு மாட்ட வேண்டியதில்லை. நம்ம பக்கம் மல்லாட்டை விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் மல்லாட்டையைத் தடை பண்ணினால் யார் கேட்பார்கள்? பழக்கத்தை மாற்றினால் போதும்.

ஆகாத பிள்ளையின் தாய்க்கு

மற்றவர்களுக்கு ஐந்து சொன்னேன். உனக்கும் சில சொல்ல வேண்டும், தங்கச்சி.

முதலில் டாக்டரிடம் உறுதி செய்துகொள். இது ஆகாது, அது ஆகாது என்று நாமாகப் பத்துப் பதார்த்தத்தை ஒதுக்கிவிட்டால் பிள்ளை எடை குறைந்து நிற்கும். எது ஆகாதோ அதை மட்டும் ஒதுக்கு.

திடலுக்கு வந்த முதல் நாளே எல்லாரிடமும் சொல். நடந்த பிறகு கத்துவதைவிட நடக்குமுன் சொல்வது லேசு. சாப்பாட்டின் பேரைத் தெளிவாகச் சொல். "அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. "கடலை மிட்டாய், சத்துமாவு, கடலைச் சட்னி எதுலயும் வேணாம்" என்று சொன்னால் புரியும். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை உன் பையிலேயே வைத்துக்கொள், மற்றவர்கள் தரும்போது அதுவும் சாப்பிடட்டும். அடுத்தவர் பிள்ளையைத் திட்டாதே, அவன் கையில் இருப்பதைப் பிடுங்காதே. மூன்று வயதிலிருந்தே உன் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடு: "எனக்கு ஆகாது, அம்மாவக் கேளுங்க." முக்கியமாக, பயந்துகொண்டு பிள்ளையை வீட்டில் பூட்டாதே. நாங்கள் இருக்கிறோம்.

அவசரம் என்றால்

இந்தப் பகுதியை மட்டும் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தால் "காணாக்கடி" என்று சொல்லி, வெற்றிலையும் மிளகும் கொடுப்பது நம் வழக்கம். தடிப்பு மட்டும் இருந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் கவனித்துக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆனால் கூடவே இருமல், குரல் கம்மல், மூச்சு இழுப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளுத்துச் சோர்ந்துபோவது, இதில் எது வந்தாலும் அது காணாக்கடி இல்லை. சில பிள்ளைக்குத் தடிப்பே இல்லாமலும் இவை வரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், கிடைக்கிற வண்டியில் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும், "சாப்பாட்டு அலர்ஜி, இன்னது சாப்பிட்டான், இத்தனை நிமிஷம் ஆச்சு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பிள்ளையை நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தொண்டையில் விரல் விடுவது, புளித்தண்ணி, மோர் கொடுப்பது எதுவும் வேண்டாம். அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை தடிப்பைத்தான் குறைக்கும், உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. வெளிநாடுகளில் பேனா மாதிரி அந்த ஊசியைப் பெற்றோரே கையில் வைத்திருப்பார்கள். நம் ஊரில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் நமக்கு நேரம்தான் மருந்து. சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம், டாக்டர் அனுப்பும்வரை அங்கேயே இருங்கள்.

நம் தொழிலிலும் இது உண்டு

இங்கே கடலை மிட்டாய் போடுகிற குழு இருக்கிறது, சத்துமாவு அரைக்கிற குழு இருக்கிறது, எள்ளுருண்டை, பிஸ்கட் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அதே 2020-இல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் லேபிள் பற்றிய புது விதிமுறையையும் கொண்டுவந்தது. பால், முட்டை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், இறால் வகை இருந்தால் பாக்கெட்டின் மேல் அதைத் தனியாக எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. எள் போட்டால் அதையும் எழுதிவிடுங்கள். "சத்துமாவு, 18 வகைத் தானியம்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே முந்திரி இருப்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? ஒரே மிஷினில் கடலையும் அரைத்து மாவும் அரைத்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். மரச்செக்குக் கடலெண்ணெயில் செய்ததா என்றும் சொல்லுங்கள், செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கும். உண்மையை எழுதினால் விற்பனை குறையாது. நம்பி வாங்குவார்கள்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். 2022-இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நம் குழுப் பெண்களின் கையால்தான் பிள்ளைகள் காலையில் சாப்பிடுகிறார்கள். உங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று தலைமை ஆசிரியரைக் கேட்டு, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பரிமாறக் கரண்டியைத் தனியாக வையுங்கள்.

முடிக்குமுன்

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று. அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும், "நம்ம பிள்ளைகள்ல யாருக்காவது ஏதாவது ஆகாதா?" என்று ஒரு முறை கேட்டு நடவடிக்கைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு திடலிலும் தண்ணீர்க் குழாய், சோப்பு, ஒரு குப்பைத் தொட்டி, 108 என்ற எண், பக்கத்துச் சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண், இவை இருக்க ஊராட்சியில் மனு கொடுக்க வேண்டும். கிராம சபையில் நீங்களே எழுந்து கேளுங்கள். மூன்றாவதாக, கேட்டுக் கொடுக்கும் பழக்கத்தை உங்கள் வீட்டு ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து மிட்டாய் வாங்கி வருகிற தாத்தா இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

நம் குழுக்கள் பணத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் நின்று வளர்ந்தவை. ஒருத்தி தவணை கட்ட முடியாமல் நின்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்டியிருக்கிறோம். திடலில் ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகாது என்றால், அதற்கும் அப்படித்தான் நாம் எல்லாரும் ஜாமீன். இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதே ஆரம்பித்துவிடுங்கள். பின்னாடி பந்தலில் இப்போது சுண்டலும் கேசரியும் கொடுக்கப்போகிறார்களாம். கேசரியில் முந்திரி இருக்கிறது என்று சமைத்த சகோதரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மேடைக்கு வந்தேன். யார் பிள்ளைக்காவது ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாழைப்பழம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.